தொட்டால் குதித்துவிடுவேன்!

"என் தூண்டிலை யாராவது தொட்டீங்க, நான் கடல்ல குதிச்சிடுவேன்!"

படகில் ஏறியதும் ஆர்லி சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

ரூடி மாமா என்ஜின் கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். "தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும் புள்ள."

"பரவாயில்ல."

"குதிச்சா நான்தான் தூக்கணும். எனக்கு இடுப்பு வலி."

"அப்போ தொடாதீங்க."

அண்ணன் எல்டன் பலகையில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "இரைவெட்டிக்கு வர்ற கோபத்தைப் பாரு!"

எங்கள் டெல்மா குடாவில், முதல் மீனைப் பிடிக்காத பிள்ளைகளுக்கு அதுதான் பெயர். படகில் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் ஹெர்ரிங் மீனை இரைக்குத் துண்டு போடுவதும், படகில் சேரும் தண்ணீரை மொண்டு ஊற்றுவதும்தான் அவர்கள் வேலை. ஆர்லிக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. அவள் வெட்டிய இரையில் பாதி ஊர் மீன் பிடித்திருக்கிறது. அவள் மட்டும் இன்னும் இரைவெட்டி.

அவளுக்கு மீன் மாட்டாமல் இல்லை. போன வருடத்துக்கு முந்தின கோடையில் ஒரு சால்மன் அவள் தூண்டிலில்தான் மாட்டியது. "விழுந்துடப் போறே!" என்று எல்டன் பாய்ந்து வந்து கோலைப் பிடுங்கிக்கொண்டான். போன கோடையில் இன்னொன்று மாட்டியது. "கொஞ்சம் ஒத்தாசை பண்றேன்" என்று ரூடி மாமா கை வைத்தார். இரண்டு மீனும் படகுக்குள் வந்தன. ஆனால் தூண்டிலில் இன்னொருவர் கை பட்டால் அது உன் மீன் ஆகாது. எங்கள் ஊர்ச் சட்டம் அப்படி.

முதல் மீனுக்கு வேறு சட்டங்களும் உண்டு. பிடித்தவர் அதில் ஒரு துண்டுகூடத் தின்னக் கூடாது. முழுதாக யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். படகுத்துறையில் எல்லோர் முன்னாலும் நின்று, எங்கே பிடித்தது, யாருக்குக் கொடுப்பது, இரண்டையும் உரக்கச் சொல்ல வேண்டும். கொடுத்ததை யாரும் மறுக்கக் கூடாது. மறுத்தால், பிடித்த பிள்ளைக்கு அந்தக் கோடை முழுக்க ஒரு மீனும் மாட்டாது என்பார்கள். அவ்வளவு பாவத்தை யார் தலையில் ஏற்றிக்கொள்வார்கள்? அதனால் இதுவரை யாரும் மறுத்ததில்லை.

படகு துறையை விட்டுக் கிளம்பியது. போகிற வழியில் வெர்னனின் படகு தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. வசந்தத்தில் வெர்னன் துறையில் வழுக்கி விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை. மீன் கொண்டுபோய்க் கொடுத்தவர்களைக்கூட, "நான் உங்ககிட்ட பிச்சை கேட்டேனா?" என்று விரட்டிவிட்டார்.

ரூடி மாமா அந்தப் படகைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். குடாவின் வாயில் நடுவே பிளந்து நிற்கும் பெரிய பாறை வந்ததும், வழக்கம்போலத் தெற்கே திருப்பினார். பாறைக்கு வடக்கே அருமையான மீன்பள்ளம் இருக்கிறது. ஆனால் மாமா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். அது வெர்னனின் பக்கம்.

ஒரு காலத்தில் இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே படகு, ஒரே சாப்பாட்டு டப்பா. ஆர்லி பிறப்பதற்கு முன்னால், ஊர் மீன்பிடிப் போட்டியில் ரூடி மாமாவின் தூண்டிலில் ஒரு ராஜ சால்மன் மாட்டியது. அப்படி ஒரு மீனை ஊரே பார்த்ததில்லை என்பார் மாமா. வருடா வருடம் அவர் சொல்லும்போது அது கொஞ்சம் வளர்ந்துகொண்டும் வருகிறது. அன்றைக்குக் கைவலை வெர்னனிடம் இருந்தது. மீனைத் தலைப்பக்கமாகத்தான் அள்ள வேண்டும் என்பது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். வெர்னன் பதற்றத்தில் வால்பக்கமாக அள்ளிவிட்டார். வாலில் வலை பட்டதும் மீன் ஒரே துள்ளு. தூண்டில் முள் கழன்றது. மீன் போனது. பரிசாக வைத்திருந்த புது என்ஜினும் போனது.

"வேணும்னே பண்ணினான்" என்றார் ரூடி மாமா.

"வாயை மூடு" என்றார் வெர்னன்.

அன்றோடு பேச்சு நின்றது. கடலையே பங்கு போட்டுக்கொண்டார்கள். பாறைக்கு வடக்கே வெர்னன், தெற்கே ரூடி மாமா. "அவன் தண்ணியில என் படகோட நிழல் விழுந்தாக்கூட என் பேரை மாத்திக் கூப்பிடு" என்று மாமா சொல்லாத வாரம் கிடையாது.

தெற்கே கடற்பாசிக் காட்டோரம் சால்மனுக்காக வெகுநேரம் சுற்றினார்கள். ஒன்றும் மாட்டவில்லை. பிறகு மூடுபனி இறங்கியது. மாமா என்ஜினை நிறுத்திவிட்டு, "சரி, அடியில ஹாலிபட் இருக்கான்னு பாப்போம்" என்றார். ஆர்லி பெரிய ஹெர்ரிங் துண்டாகப் பார்த்து முள்ளில் குத்தி, ஈயக்குண்டு தரையைத் தொடும்வரை நூலை விட்டாள்.

ஹாலிபட் பெரிய தட்டை மீன். இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் இருக்கும். கடலடியில் மணலைப் போர்த்திக்கொண்டு, மேலே போகிறவர்களை எல்லாம் வேவு பார்த்தபடி படுத்திருக்கும். அன்றைக்கு அதுவும் வரவில்லை.

மாமா மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசனை இது?"

எல்டன் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"என்னடா அது?"

"கேக்கு."

"என்ன கேக்கு?"

"சும்மா... கேக்கு."

மாமா ஒரு துண்டைப் பிட்டு முகர்ந்தார். அவர் முகம் வெளுத்தது. "வாழைப்பழம்!"

படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிட்டேயே வராது. எங்கள் மீனவர்கள் புயலுக்குக்கூட இவ்வளவு பயப்பட மாட்டார்கள்.

"மாமா, அது பழம் இல்ல. கேக்கு!"

"கேக்குக்குள்ள போயிட்டா அது உருளைக்கிழங்கு ஆயிடுமா?"

"அடுப்புல வெந்துடுச்சு மாமா. கெட்ட ராசியெல்லாம் போயிருக்கும்."

"ராசி வேகாதுடா!"

மாமா கேக்கைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார். ஒரு கடற்காகம் அதை அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு போனது.

"பாதி என் வயித்துல இருக்கு. என்னையும் தூக்கிப் போடுவீங்களா?" என்று கத்தினான் எல்டன்.

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்!"

ஆர்லியின் தூண்டில் நூல் மெல்லச் சாய ஆரம்பித்தது. "மாமா, போட்டு நகருது" என்றாள்.

"இரு புள்ள, பேசிட்டிருக்கோம்ல."

"நீரோட்டம் வடக்கால இழுக்குது மாமா."

"இவன் போன வாரமும் கொண்டுவந்திருக்கான். அதனாலதான் போன வாரமும் ஒண்ணும் மாட்டல!"

"போன வாரம் அது பிஸ்கட்டு!"

எவ்வளவு நேரம் சண்டை போட்டார்களோ தெரியாது. பனிக்குள் கை நீட்டினால் விரல் தெரியவில்லை. திடீரென்று ஆர்லியின் தூண்டில்கோல் வளைந்து, நுனி தண்ணீரைத் தொட்டது.

சண்டை நின்றது. மாமாவின் இரண்டு கைகளும் தானாக முன்னால் நீண்டன.

"தொடாதீங்க!"

"புள்ள, அது பெருசு..."

"தொட்டா குதிச்சிடுவேன்! சத்தியமா குதிச்சிடுவேன்!"

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். குதித்துவிடுவாள் என்று தெரிந்தது. பேசாமல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் அமர்ந்துகொண்டார். கைகளை அவரே நம்பவில்லை போலிருக்கிறது.

"ஆர்லி," என்றான் எல்டன் மெதுவாக. "உன் மிதவை ஜாக்கெட்டைப் பின்னால பிடிச்சுக்கவா?"

ஆர்லி யோசித்தாள். "ஜாக்கெட்டு தூண்டில் இல்ல. பிடிச்சுக்கோ."

அவள் இரண்டு கால்களையும் பலகையில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். மீன் கொஞ்சம் மேலே வந்தது. பிறகு நினைத்துக்கொண்டதுபோலக் கீழே போனது. ரீல் கிரீச்சிட்டது. மறுபடி இழுத்தாள். மறுபடி போனது. தோள் எரிந்தது, விரல்கள் மரத்தன. கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குக் கை இல்லை.

"விட்டுடு, நான் வேணா ஒரு நிமிஷம்..." என்றார் மாமா கைகளின்மேல் நெளிந்தபடி.

"மாட்டேன்!"

"உன் அம்மா மாதிரியே பிடிவாதம்!"

"ஆமா!"

கடைசியில் படகோரம் தண்ணீருக்குள் பழுப்பாக ஒரு பெரிய உருவம் மிதந்து வந்தது. ஆர்லியைவிடக் கொஞ்சம்தான் குட்டை. மீனைக் குத்தித் தூக்கும் கொக்கிக் கம்பு நூலைத் தொடாது, மீனைத்தான் தொடும். அதனால் அதற்கு மட்டும் ஆர்லி அனுமதி கொடுத்தாள். மாமா கொக்கியைத் தலைப்பக்கமாக மாட்டி, தடியால் ஓங்கி ஒன்று போட்டார். உயிரோடு உள்ளே ஏற்றினால் ஹாலிபட் துள்ளுகிற துள்ளலில் ஆள் கால் முறியும். மூன்று பேரும் சேர்ந்து மீனை உள்ளே சரித்தார்கள்.

ஆர்லி அதன் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "என் மீன்" என்றாள். "யாரும் தொடல. என் மீன்!"

எல்டன் தொப்பியைச் சுழற்றினான். மாமாவோ பெருமையில் இன்னும் கொஞ்சம் அகலமாகிவிட்டார். "இரைவெட்டிப் பட்டம் போச்சுடி!" என்று சிரித்தார்.

அப்போது காற்று வீசிப் பனி விலகியது.

நேர் எதிரே பிளந்த பாறை தெரிந்தது. பாறைப் பிளவுக்கு நடுவே, கரையில் நிற்கும் பட்டுப்போன ஊசியிலை மரம் தெரிந்தது. அந்த மரம் பிளவுக்குள் தெரிகிற இடம் எது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது வெர்னனின் பள்ளம்.

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் சுற்றிலும் பார்த்தார். வேறு படகு எதுவும் இல்லை. சட்டென்று என்ஜினைக் கிளப்பித் தெற்கே விரட்டினார்.

"நாம இதைக் கடற்பாசிக் காட்டோரம் பிடிச்சோம்" என்றார் கொஞ்ச தூரம் போனபின். "புரியுதா?"

"புரியுது மாமா" என்றான் எல்டன்.

"ஆர்லி?"

"அங்க பிடிக்கலையே மாமா."

"நான் அவன் தண்ணிக்குப் போனேன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும் புள்ள. பேரை மாத்திக் கூப்பிடுன்னு நானே சொல்லியிருக்கேன்."

"துறையில நின்னு சொல்லப்போறது நான். பொய் சொன்னா அது எப்படி என் முதல் மீன் ஆகும்?"

மாமாவுக்கு முகம் சிவந்தது. "அப்படிச் சொன்னா, இந்தக் கோடை முழுக்க என் போட்டுல கால் வெக்காதே!"

கோடை இப்போதுதான் ஆரம்பித்திருந்தது. படகு இல்லாமல் எங்கள் ஊரில் கோடை என்று ஒன்று இருக்கிறதா என்ன? கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அழுகை வந்தது. ஆனால் அதைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இரண்டு தடவை என் தூண்டிலில் கை வைத்தார்கள். இப்போது என் வாயிலும் கை வைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள்.

துறையில் அம்மாதான் படகுகளுக்கு எரிபொருள் நிரப்புபவர். மீனைப் பார்த்ததும் குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "யாரும் தொடலையே?"

"யாரும் தொடல!"

அம்மா போட்ட கூச்சலில் துறையில் இருந்த எல்லோரும் கூடிவிட்டார்கள். யாரோ மீனைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். "சொல்லு, சொல்லு! எங்க பிடிச்சே? யாருக்குக் கொடுக்கறே?"

ரூடி மாமா கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்திருந்தார். கயிறு எப்போதோ கட்டியாகிவிட்டது.

ஆர்லி ஒரு மீன்பெட்டியின்மேல் ஏறி நின்றாள். குரல் நடுங்காமல் இருக்க, வேண்டியதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

"இது என் முதல் மீன். பாறைக்கு வடக்கே பிடிச்சேன். வெர்னன் மாமாவோட பள்ளத்துல. பனியில தெரியாம போயிட்டோம். இதை வெர்னன் மாமாவுக்கே கொடுக்கறேன்!"

யாரோ ஒருவர், "அப்போ இனிமே ரூடியை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது?" என்று கேட்டார். கொல்லென்று சிரிப்பு எழுந்தது.

மாமா நிமிர்ந்தார். "வேற போட்டு பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

"சரி" என்றாள் ஆர்லி.

கடல்நீர் வடிந்து மிதக்கும் துறை தாழ்ந்திருந்ததால், அங்கிருந்து கரைக்கு ஏறும் சாய்பாலம் ஏணி மாதிரி செங்குத்தாக நின்றது. ஆர்லி தள்ளுவண்டியைத் தள்ளினாள். பாதிவரை ஏறி, வண்டி அவளையே கீழே தள்ளியது. மறுபடி தள்ளினாள். கொஞ்ச தூரத்தில் திடீரென்று வண்டி லேசானது. பின்னால் எல்டன் தோள் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"வண்டி தூண்டில் இல்லல்ல?" என்றான்.

"இல்ல. தள்ளு."

வெர்னன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கை கழுத்துக்கட்டில் தொங்கியது. வண்டியைப் பார்த்ததும் புருவம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

"யாரோட மீனும் எனக்கு வேண்டாம். அதுலயும் ரூடி போட்டுல வந்த மீன் வேண்டவே வேண்டாம். எடுத்துட்டுப் போ."

"ரூடி மாமா கொடுக்கல. நான் கொடுக்கறேன். இது என் முதல் மீன்."

சட்டம் வெர்னனுக்கும் தெரியும். "வேற யாருக்காவது கொடு" என்றார் கொஞ்சம் இறங்கிய குரலில்.

"துறையில சொல்லியாச்சு. நீங்க வேண்டாம்னா இந்தக் கோடையில எனக்கு மீனே மாட்டாது. இப்பவே எனக்குப் போட்டும் இல்ல. மீனும் இல்லாம ஆக்கணுமா?"

ஆர்லி வண்டிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பண்றே?"

"நீங்க வாங்கறவரைக்கும் உக்காந்திருப்பேன்."

"மழை வரும்."

"வரட்டும்."

வேலியில் ஓர் அண்டங்காக்கை வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. எல்டன் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மீனுக்குக் காவல் நின்றான். மழையும் சொன்னபடி வந்தது. ஆர்லி அசையவில்லை.

"போட்டு இல்லையா? ஏன்?" என்று கேட்டார் வெர்னன் கடைசியில்.

"உங்க பள்ளத்துல பிடிச்சதைச் சொல்லாதேன்னாங்க. நான் சொல்லிட்டேன்."

வெர்னன் எழுந்தே விட்டார். "என்னது? ரூடி என் பள்ளத்துக்கு வந்தானா? நான் கட்டுப் போட்டுக் கிடக்கறப்போ பாத்து, வேணும்னே..."

"வேணும்னே வரலடா!"

எல்லோரும் திரும்பினார்கள். வேலிக்கு வெளியே ரூடி மாமா மழையில் நனைந்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! "பனிடா! ஒண்ணும் தெரியல! இவன் வேற கேக்குல வாழைப்பழத்தைப் போட்டுக் கொண்டுவந்து... சண்டையில போட்டு நகர்ந்ததைக் கவனிக்கல. எல்லார் கண்ணும் வேற எங்கயோ இருந்துச்சு. ஒரு தப்பு நடந்துபோச்சு. அதுக்காக வேணும்னே பண்ணினேன்னு சொல்லுவியா?"

வெர்னன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா நானும் அதைத்தான்டா சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

மாமா தொப்பியைக் கழற்றி, தண்ணீரை உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்ன கேக்கு?" என்று கேட்டார் வெர்னன்.

"வாழைப்பழக் கேக்கு."

"நீ இன்னும் அந்த வாழைப்பழத்தை விடலையா?" வெர்னனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் வலித்தது. வலித்தாலும் நிறுத்த முடியவில்லை. "வாழைப்பழத்தோட போயித்தான் இந்த மீனைப் பிடிச்சிருக்கே! அதுவும் லேசுப்பட்ட மீனா இது?"

இது மாமாவுக்கு இதுவரை தோன்றவே இல்லை.

"வெர்னன் மாமா," என்றாள் ஆர்லி. "சிரிச்சது போதும். மீனை வாங்கறீங்களா, இல்லையா?"

வெர்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். நல்ல கையை மீனின்மேல் வைத்தார். "வாங்கிக்கிட்டேன்" என்றார். பிறகு தன் கழுத்துக்கட்டைப் பார்த்தார். "ஆனா ஒத்தைக் கையால இதை எப்படி வெட்டறது?"

மாமா பெருமூச்சு விட்டார். இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். "தள்ளு."

"முள்ளோட சதையை விட்டுடாதே."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி. கன்னச்சதையை முதல்ல எடு."

"எனக்குத் தெரியும்டா!"

இருட்டும்வரை அந்த வாசலில் திட்டும் பதில் திட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் கோடையில் இருட்ட வெகுநேரம் ஆகும். வறுத்த கன்னச்சதையை மாமாவும் எல்டனும் தின்றார்கள். ஆர்லி சட்டப்படி ஒரு துண்டும் தொடவில்லை. வெர்னன் அவளுக்காக உருளைக்கிழங்கு வறுத்துக் கொடுத்தார். தன் மீனின் வாசனையை முகர்ந்துகொண்டே தின்ற அந்தக் கிழங்கு அவளுக்கு மிகவும் ருசித்தது.

மறுநாள் காலை ரூடி மாமா துறைக்கு வந்தபோது, ஆர்லி தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். மாமா தொண்டையைக் கனைத்தார். "நேத்து ஏதோ கோபத்துல சொல்லிட்டேன். ஏறு."

"வேற போட்டு பாத்துக்கச் சொன்னீங்க. பாத்துட்டேன்" என்றாள் ஆர்லி.

பக்கத்தில் வெர்னன் தன் படகின் தார்ப்பாயை ஒற்றைக் கையால் இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா?" என்று மாமா அலறினார். "என்ஜினை யாருடா கிளப்புவா?"

"கயிறு இழுக்க எனக்கும் கை இருக்கு" என்றாள் ஆர்லி.

மாமா துறையில் முன்னும் பின்னும் நடந்தார். ஏதோ முணுமுணுத்தார். கடைசியில், "புள்ள இவனோட தனியாப் போறா, அதுக்காகத்தான்" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டு, வெர்னனின் படகில் குதித்தார். எல்டனும் ஏறப் பார்த்தான். இரண்டு பெரியவர்களும் ஒரே குரலில், "சாப்பாட்டுப் பையைத் திற!" என்றார்கள். ரொட்டியும் புகைபோட்ட சால்மனும்தான் இருந்தன. அப்புறம்தான் விட்டார்கள்.

பிளந்த பாறையை நெருங்கும்போதே ஆர்லியின் தூண்டில் துடித்தது. இந்தத் தடவை சால்மன். நீருக்கு வெளியே ஒரு துள்ளு துள்ளி வெள்ளியாக மின்னியது. மாமாவின் கையும் வெர்னனின் கையும் ஒன்றாக நீண்டன. ஆர்லி திரும்பி ஒரு பார்வைதான் பார்த்தாள். நீண்ட கைகள் திரும்பிப் போய்விட்டன.

மீன் படகோரம் வந்தது. கைவலை இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வலையை வெர்னன் மாமா பிடிக்கட்டும்" என்றாள் ஆர்லி.

"அவனா?" என்றார் மாமா.

"அவர்தான். என் மீன், நான்தான் சொல்லுவேன்."

ரூடி மாமா கண்களை இறுக மூடிக்கொண்டார். வெர்னன் நல்ல கையால் வலையைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினார். தலைப்பக்கமாக ஒரே அள்ளு. எல்டன் பாய்ந்து வலையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினான். சால்மன் படகின் நடுவில் வந்து விழுந்து படபடவென்று அடித்துக்கொண்டது.

"கண்ணைத் திறங்க மாமா" என்றாள் ஆர்லி.

மாமா முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றையும் திறந்தார். மீனைப் பார்த்தார். வெர்னனைப் பார்த்தார். "அன்னைக்கும் நீ இப்படி அள்ளியிருந்தா..."

"ஆரம்பிச்சுட்டான் பாரு!" என்றார் வெர்னன். "உன் மீனே அவ்வளவு பெருசு இல்லடா!"

"என்னடா சொன்னே? அது எவ்வளவு இருந்துச்சு தெரியுமா?"

மாமா கைகளை விரித்துக் காட்டினார். படகின் அகலம் போதவில்லை. நீரோட்டம் மெல்லப் படகை நகர்த்த ஆரம்பித்தது.

ஆர்லி ஹெர்ரிங் வாளியை இரண்டு பேருக்கும் நடுவில் டங்கென்று வைத்தாள். கத்தியையும் பக்கத்தில் வைத்தாள்.

"பேசினது போதும்" என்றாள். "இரை வெட்டுங்க."

மாமாவும் வெர்னனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெர்னன் நல்ல கையால் ஹெர்ரிங்கை அழுத்திப் பிடிக்க, மாமா பேசாமல் வெட்டினார்.